மனுஷங்க தட்டுற மாதிரி

ஃபிட்டருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்தது யார் என்பதில் கப்பலில் இரண்டு கட்சி உண்டு. கேப்டன் தாம் வைத்ததாகச் சொல்வார். சீஃப் எஞ்சினீயர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். பெயர் பொருத்தமானது என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை. மனிதர் டீ குடிப்பதும், எண்ணெய் அளவு பார்ப்பதும், வெற்றிலை போடாத வாயைக் கொப்பளிப்பதும்கூட நிமிடம் பிசகாமல் நடக்கும். துருத் தட்ட உட்கார்ந்தால் சுத்தியல் விழும் சத்தம் ஒன்றுக்கொன்று கூடாது, குறையாது. மேலே டெக்கில் சாய்ந்திருப்பவர்கள் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவார்கள். "எஞ்சின் நின்னாகூட பரவால்ல, இவரு தட்டுறதுலயே கப்பல் போயிரும்" என்பார் சீஃப்.

கப்பல் என்பது பெரிய வார்த்தை. அது இழுவைக் கப்பல். பெரிய கப்பல்களுக்குக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வருவதும், வெளியே கொண்டுபோய் விடுவதும்தான் அதன் பிழைப்பு. ஏழு பேர் வேலை. அதில் கடிகாரத்தின் இடம் கீழே எஞ்சின் அறை. கையில் வாட்ச் கட்டமாட்டார். சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் கையில் எதுவும் கட்டக்கூடாது என்பது விதி, விதி என்றால் அவருக்கு விதிதான்.

வீட்டிலும் அதே கதை. காலை ஆறு ஐம்பதுக்குக் குளியலறைக்குள் போவார், ஏழு ஒன்றுக்கு வெளியே வருவார். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, மூன்று பேர், ஒரே குளியலறை, அதற்குத் தகரக் கதவு. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தெருமுனைக்குக் கடை வேன் வரும். அவர் உள்ளே போன நான்காவது நிமிடம் அவள் கதவைத் தட்ட ஆரம்பிப்பாள். முதலில் உள்ளங்கையால் இரண்டு. காதுகொடுத்துக் கேட்பதற்கு ஒரு இடைவெளி. பிறகு விரல் முட்டியால் சரமாரியாக. பிறகு வளையல். கடைசியாகக் கால். அவர் உள்ளேயிருந்து "இதோ, ரெண்டே நிமிஷம்" என்பார். ஏழு நிமிடம் பாக்கி இருக்கும். கடிகாரம் தப்பாக மணி சொல்வது ஒரு நாளைக்கு அந்த ஒரு தடவைதான்.

"உங்கப்பா குளிக்கிற நேரத்துல அந்தக் கப்பலையே கழுவிடலாம்" என்பாள் அடுப்படியிலிருந்து மனைவி. இதுவும் தினப்படி.

கப்பல் முழுகிய அன்றைக்கு வேன் சீக்கிரமே வருவதாக இருந்தது. கடையில் ஏதோ கணக்கெடுப்பு. முந்தின நாளே மகள் சொல்லிவைத்திருந்தாள், அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் ஆறு ஐம்பது என்பது ஆறு ஐம்பதுதான் என்று விட்டுவிட்டார். அவள் உள்ளங்கை, முட்டி, வளையல் எல்லாவற்றையும் தாண்டி நேரே காலுக்குப் போய்விட்டாள். தகரம் அதிர்ந்தது. அவர் கண்ணில் சோப்பு.

"மாடு மாதிரி முட்டாதே" என்றார். "மனுஷங்க தட்டுற மாதிரி தட்டப் பழகு. இத்தனை வயசுக்கு அதுகூடத் தெரியலன்னா என்னத்தப் படிச்ச?"

வெளியே சத்தம் நின்றது. அவர் ஏழு ஒன்றுக்கு வெளியே வந்தபோது மகள் இல்லை.

"முகம்கூடக் கழுவாமப் போயிட்டா" என்றாள் மனைவி. "நீங்க வாயத் தொறக்கிறதே அபூர்வம். தொறந்தா இப்படியா?"

ஏழு இருபதுக்குப் புறப்பட வேண்டும், புறப்பட்டார்.

பத்து மணி சுமாருக்கு, துறைமுக வாயிலில், அவர்கள் இழுத்துக்கொண்டிருந்த பெரிய கப்பல் வேகமாகத் திரும்பிவிட்டது. பின்னால் இருக்க வேண்டிய கயிறு பக்கவாட்டில் வந்தது. அப்படி வந்தால் இழுவைக் கப்பலின் கதி அவ்வளவுதான், யானை வாலைப் பிடித்தவன் கதி. கயிற்றை அவிழ்த்துவிட ஒரு கைப்பிடி உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் கப்பல் சாய்ந்து, கவிழ்ந்து, தலைகீழாகவே இறங்கிவிட்டது. மொத்தம் மூன்று நிமிடம். டெக்கில் இருந்தவர்கள் தண்ணீரில் குதித்தார்கள். சீஃப் டீ எடுக்க மேலே போயிருந்தார், கையில் டீக்கோப்பையோடு குதித்தார். ஆறு பேரை ஒரு விசைப்படகு பொறுக்கி எடுத்தது. கரையில் தலை எண்ணினார்கள்.

"ஃபிட்டர் கீழ இருந்தாரு" என்றார் கேப்டன். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கீழே கடிகாரம் ஏணியின் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். தரை கூரையாகி, கூரை தரையாகி, தரைத்தகடுகள் பெயர்ந்து அவரைத் தாண்டி விழுந்தன. விளக்கு போயிற்று. தண்ணீர் முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறி, மார்போடு நின்றது. காதுக்குள் ஊசி வைத்துக் குத்தியது. எஞ்சின் அறையில் இருந்த காற்று தப்பிக்க வழியில்லாமல் மேலே, அதாவது கப்பலின் அடிவயிற்றில், மாட்டிக்கொண்டிருந்தது. அவரும் அதனுடன் மாட்டிக்கொண்டார். அந்த இடத்தில் ஆழம் இருபத்திரண்டு மீட்டர் என்பது அவருக்குத் தெரியும்.

சட்டைப்பையில் சின்ன டார்ச் இருந்தது. போட்டுப் பார்த்தார். தலைக்கு மேலே எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் போல்ட்டுகளைப் போன மாதம் இறுக்கியவர் அவரேதான். ஒழுங்காக இறுக்கினோமா என்று அன்றுதான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. எஞ்சினுக்கு நேர்கீழே இருந்து விலகி, இரண்டு பெரிய குழாய்களின் மேல் ஏறி உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழேதான் தண்ணீர். டீசல் நாற்றத்தில் கண் எரிந்தது.

வெளியே போகும் கதவு இப்போது அவருக்குக் கீழே, தண்ணீருக்குள். மூச்சைப் பிடித்து இரண்டு தடவை இறங்கிப் பார்த்தார். கருவிப்பெட்டியும் தரைத்தகடுகளும் அதை அடைத்துக்கொண்டிருந்தன. மூன்றாம் தடவை இறங்கவில்லை. முப்பது வருடம் கப்பலில் வேலை பார்த்தவருக்கு நீச்சல் சுமார்தான் என்றால் கரையில் சிரிப்பார்கள். கப்பலில் சிரிக்கமாட்டார்கள், அங்கே பாதிப்பேர் நிலைமை அதுதான்.

டார்ச்சை அணைத்து வைத்துக்கொண்டார். பயம் இருந்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். அப்போது இல்லை. வேலை இருந்தது. காற்று எவ்வளவு இருக்கும் என்று நீளம், அகலம், உயரம் பெருக்கிப் பார்த்தார். ஒன்றரை நாள் தாங்கலாம் என்று வந்தது. பெருக்கியது சரியா என்று மறுபடி பெருக்கினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கப்பலின் முன்பக்கத்திலிருந்து, இரும்பில் இரும்பு. டங். கொஞ்சம் பொறுத்து, டங்.

சீஃப்தான், டீ எடுக்கப் போனவர் முன்னறையில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார். "அண்ணே" என்று கத்தினார். "அண்ணே, நான் இங்க இருக்கேன்." பின்பாக்கெட்டில் இருந்த ஸ்பேனரை எடுத்துத் தலைக்கு மேலிருந்த தகட்டில் தட்டிப் பதில் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. டங். எண்ணினார். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒன்பது எண்ணிக்கை. அடுத்ததும் ஒன்பது. நாற்பது தடவை பார்த்தார், நாற்பதும் ஒன்பது.

ஆள் இல்லை என்று முடிவு கட்டினார். ஆளாக இருந்தால் கை வலிக்கும், மூச்சு வாங்கும், மூக்கு அரிக்கும், கோபம் வரும். இது முன்னறைக் கதவு, கொக்கி கழன்று நீரோட்டத்தில் ஆடி இடிக்கிறது. அந்தக் கொக்கியை மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதிக்கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாம் தட்ட ஆரம்பித்தார். ஆபத்தில் இருப்பவர் தட்டுவதற்கு ஒரு முறை உண்டு என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தின வகுப்பு, ஆசிரியர் உட்பட யாருக்கும் அது நினைவில் தங்கியிருக்க வாய்ப்பில்லை. அதனால் தமக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். ஐந்து தட்டு. முப்பது எண்ணும்வரை ஓய்வு. மறுபடி ஐந்து. பலம் வீணாகாது, கை சோராது. காற்றும் கூடுதலாகச் செலவாகாது. அவரால் எத்தனை மணி நேரமானாலும் அப்படித் தட்ட முடியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஏழு மணி நேரம் போல ஆகியிருக்கும். மேலே தகட்டில் சரசரவென்று குமிழிகள் ஓடும் சத்தம். ஏதோ உரசியது. முக்குளிப்பவர்கள் வந்துவிட்டார்கள். ஐந்து தட்டினார், முப்பது எண்ணினார், ஐந்து தட்டினார். குமிழிச் சத்தம் நேர் மேலே வந்து நின்றது. ஒரு விரல் தடிமன் இரும்புக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் காதை வைத்துக் கேட்கிறான் என்பது அவருக்குப் புரிந்தது. மறுபடி ஐந்து தட்டினார், முதல் ஐந்தைப் போலவே, அச்சு அசலாக.

பிறகு குமிழிச் சத்தம் நகர்ந்தது. முன்பக்கம் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கேட்கவில்லை.

கருவி எடுக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தார். தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் எண்ணினார். இரண்டு மணி நேரம் எண்ணினார். ஸ்பேனரை மடியில் வைத்து ஓய்வெடுத்தபோது, அந்த நிசப்தத்தில், முன்னறைக் கதவு கேட்டது. டங். ஒன்பது எண்ணினார். டங்.

அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அந்தக் கதவை ஆள் இல்லை என்று தள்ளிவிட அவர் என்ன காரணம் வைத்திருந்தாரோ, அதே காரணத்துக்குத்தான் அவரையும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நாற்பதும் ஒன்பது, ஐந்தும் ஐந்து. முக்குளித்தவர் மேலே போய் எழுதிக்கொடுத்தது பிறகு அவருக்குக் காட்டப்பட்டது: "இரண்டு இடங்களில் தட்டும் ஒலி. சீராக உள்ளது. கழன்ற பாகங்கள் நீரோட்டத்தில் ஆடுவதால் இருக்கலாம்." எழுத்துப்பிழை இல்லாத அறிக்கை. அவரே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

குழாயின் மேல் உட்கார்ந்து அழுதார். சாகப்போவது ஒரு பக்கம். அதைவிட, மகளுக்குச் சொன்ன கடைசி வார்த்தை என்னவென்று நினைவுக்கு வந்தது. வழக்கமான ரெண்டு நிமிஷத்தைக்கூட அன்றைக்குச் சொல்லவில்லை. அவள் முகம் கழுவாமல் போயிருக்கிறாள். கடைக்கு யாராவது வந்து அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். அந்த முகத்தோடு நின்று கேட்டிருப்பாள். அந்த வார்த்தையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தாம் போய்ச்சேருவது என்பதை அவரால் தாங்கமுடியவில்லை.

கண் அயர்ந்தார், குளிரில் விழித்தார். தலை கனத்தது, மூச்சு சின்னதாகிவிட்டது. எவ்வளவு நேரம் என்ற கணக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கையைவிட்டுப் போயிருந்தது. அவரை எழுப்பியது சங்கிலி. கப்பலின் அடிவயிற்றின் மேல் கனமான சங்கிலியை இழுக்கிறார்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

அது எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தது. கப்பலைப் புரட்டி நிமிர்த்தித் தூக்கப்போகிறார்கள், துறைமுக வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறதே. புரட்டினால் அடிவயிற்றில் இருக்கும் காற்று ஒரே மூச்சில் வெளியே போய்விடும். சாகவேண்டியவர் நேற்றே செத்துவிட்டார் என்ற நம்பிக்கையில் இன்று கொல்லப்போகிறார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஸ்பேனரை எடுத்துத் தட்டினார். ஐந்து. கை தானாகவே சீராக அடித்தது. முப்பது வருடப் பழக்கம். வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தார்: மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு. காதுக்கு அதுவும் ஒழுங்காகவே கேட்டது. கணக்குப் போட்டுத் தாறுமாறாகத் தட்டினால் அதுவும் கணக்குதான். சங்கிலி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மனுஷங்க எப்படித்தான் தட்டுவார்கள் என்று யோசித்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஒரு தட்டல் இருந்தது. தினமும் கேட்டது, உள்ளேயிருந்து கேட்டது.

உள்ளங்கையால் இரண்டு அடித்தார். காதுகொடுத்துக் கேட்பதற்கு ஒரு இடைவெளி விட்டார். பிறகு முட்டியால் சரமாரியாக. வளையல் இல்லை, ஸ்பேனரின் முனையைத் தகட்டில் கிறுகிறுவென்று இழுத்தார். பிறகு குழாயில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் தூக்கி, பலம்கொண்ட மட்டும் உதைத்தார். "வெளிய வாங்கப்பா" என்று கத்தினார். "எத்தன நேரம், வேன் போயிரும்ப்பா, வாங்கப்பா." மறுபடி உதைத்தார். காற்றைச் சேமிக்கிற யோசனையே இல்லை. ஸ்பேனர் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. வெறும் கையால் அடித்தார். விரல் முட்டி கிழிந்தது பிறகுதான் தெரிந்தது.

சங்கிலி நின்றது.

மேலே நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மிகவும் தயக்கமாக, சரியான வீடுதானா என்று தெரியாமல் தட்டுகிறவரைப் போல, யாரோ தட்டினார்கள். டக். டக்டக்.

"ஆளு இருக்கேன்" என்று கத்தினார். அது கேட்டிருக்காது. உதைத்தது கேட்டது.

"யாரோ பாத்ரூம் கதவத் தட்டுற மாதிரி இருந்துச்சு சார்" என்றார் அந்த முக்குளிப்பவர், பிறகு ஒருநாள். "எங்க வீட்டுலயும் ஒண்ணுதான் இருக்கு. சட்டுன்னு புரிஞ்சிருச்சு. எந்தக் கம்பியும் இவ்வளவு அவசரமா ஆடாது."

அதற்குப் பிறகு நான்கு மணி நேர வேலை. தகடுகளை விலக்கி, கருவிப்பெட்டியை நகர்த்தி, அவர் காலுக்குக் கீழே தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வெளிச்சமும் அதன் பின்னால் ஒரு தலையும் வந்தன. கடிகாரம் அந்தத் தலையிடம் முதலில் சொன்னது எஞ்சினுக்கு நேர்கீழே நிற்க வேண்டாம் என்பதுதான். போல்ட் விஷயத்தில் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. முகமூடி மாட்டி, கையைப் பிடித்து, கதவு வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. அத்தனை ஆழத்தில் அத்தனை நேரம் இருந்தவரை அப்படியே வெளியே விட்டால் ரத்தத்தில் குமிழி கட்டி ஆளை முடித்துவிடும். மீட்புக் கப்பலில் ஒரு இரும்பு உருளை இருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு பேசும் பெட்டி, கைக்குட்டை அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் வைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் கதவைத் திறப்பார்கள். இரும்பிலிருந்து எடுத்து இரும்பில் போட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். காய்ந்த துணியும் கம்பளியும் கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் விழித்தபோது இரும்பில் ஒரு சத்தம். டக். டக். டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டக், டக், டக். எண்ணிப் பார்த்தார். மெதுவாக, மென்மையாக, ஒரே அளவு. பம்ப்பின் வால்வு என்று முடிவு கட்டினார், சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். புரண்டு படுத்தார். அது நின்றபாடில்லை. கால் மணி நேரம் போல அடித்துக்கொண்டே இருந்தது.

பேசும் பெட்டி கரகரத்தது. வெளியே இருந்த காவல் ஊழியர் பேசினார். "சார், முழிச்சிருக்கீங்களா? கண்ணாடிப் பக்கம் பாருங்க. உங்க பொண்ணு வந்து எவ்வளவு நேரமா தட்டுது."

"எம்பொண்ணா?" என்றார். "அவ இப்படித் தட்டமாட்டாளே. இது ஏதோ வால்வுல்ல?"

எழுந்து பார்த்தார். வட்டக் கண்ணாடியில் மகள் முகம். ஒரு விரலை மடக்கி, மூன்று எண்ணி, கையை எடுத்து, பொறுத்து, மறுபடி மூன்று தட்டினாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. மனுஷங்க தட்டுற மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிக்கொடுத்தபடி, துளி பிசகாமல்.

"அந்தப் பெட்டிய அவகிட்ட குடுங்க" என்றார்.

"அப்பா" என்றாள்.

"ஏம்மா, அது என்ன தட்டு? கப்பல் கதவுகூட அப்படித்தான் தட்டுச்சு. நீ தட்டுற மாதிரி தட்டு."

"நீங்கதானே சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன். தட்டு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். உள்ளங்கையால் இரண்டு அடித்தாள். நிறுத்திக் காதுகொடுத்தாள். பிறகு முட்டி, பிறகு வளையல். ஊழியர் "யம்மா, பாத்து, அழுத்தத்துல இருக்கு" என்றார். அவள் கேட்கிற நிலையில் இல்லை. அழுதுகொண்டே இரண்டு கையாலும் அடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரும்பை உதைத்தாள்.

கதவு திறக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. உள்ளே சுவரில் அதற்கென்று ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கண்ணுக்கு நேராகவே.

"இதோ" என்றார் கடிகாரம். "ரெண்டே நிமிஷம்."